சங்கிலி போன வழியில்: பரங்கிமலையிலிருந்து முசூரி வரை

வெள்ளி, பரங்கிமலை

1802 ஏப்ரல் 10ஆம் தேதி, பரங்கிமலைக்குப் பக்கத்தில் நூறு அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலியை நீட்டி ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார்கள். வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய அந்த வேலைதான் பின்னாளில் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்றது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து முசூரி வரை ஏறக்குறைய 2,400 கிலோமீட்டருக்கு ஒரு தீர்க்கரேகையை ஒட்டி அளந்துகொண்டே போனார்கள். பூமியின் வளைவு எவ்வளவு என்று சொன்னார்கள். உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு உயரம் சொன்னார்கள். யாரும் எதிர்பாராத வகையில், மலைகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் அந்த அளவிலிருந்தே விடை பிறந்தது.

நில அளவைத் துறையில் சர்வேயராக வேலை பார்த்தவன் நான். சங்கிலி போன வழியில் வடக்கே போய்வர வேண்டும் என்பது வேலையில் இருந்த காலத்து ஆசை. ஓய்வுக்குப் பிறகு இப்போது கிளம்பியிருக்கிறேன். அக்கா மகன் துணைக்கு வருகிறான். அவனுக்கும் அளவைத் தொழில்தான், ஆனால் அவன் செயற்கைக்கோள் சமிக்ஞை வாங்கும் கருவியோடு வளர்ந்தவன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போடுகிறேன்.

காலையில் படியேறி மாதா கோயில் முற்றத்துக்குப் போனோம். ஒரு பக்கம் விமான நிலைய ஓடுபாதை. தெற்கே பார்த்தால் வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்பு, அதற்கு அப்பால் பெரும்பாக்கம். லாம்டனின் முதல் கோடு மலையருகிலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கித்தான் போனது. நீளம் 40,006 அடியும் கொஞ்சமும், அதாவது 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இன்று அந்த வழியில் ஒரு சங்கிலியைக்கூட நேராக நீட்ட முடியாது, அவ்வளவு கட்டடங்கள்.

இந்த ஒரு கோட்டுக்கு ஏன் இத்தனை பாடு என்று மருமகன் கேட்டான். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிலேயே பெற்றுவிடலாம். அப்படிப் பெற்ற பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. காடும் ஆறும் குறுக்கிட்டாலும் கவலை இல்லை, கோணம் பார்க்க முடிந்தால் போதும். ஆனால் முதல் பக்கத்தில் பிழை இருந்தால் கடைசி முக்கோணம் வரை அந்தப் பிழை கூடவே வரும். அதனால்தான் சங்கிலியைத் தரையில் போடாமல், மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, அந்தப் பெட்டிகளை முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து வைத்தார்கள். உள்ளே வெப்பமானிகள் இருந்தன. எஃகு வெயிலில் நீளும் அல்லவா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால், மொத்தக் கோட்டில் ஏறக்குறைய 3 அங்குலம் வித்தியாசம் வரும். சித்திரை வெயிலில், ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, நானூறு தடவை அந்தச் சங்கிலியை எடுத்து வைத்திருக்கிறார்கள். வயலில் சங்கிலி பிடித்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட பொறுமை என்று தெரியும்.

சங்கிலியின் கதையும் நல்ல கதை. லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் பட்டறையில் செய்தது. 1793இல் சீனப் பேரரசருக்கு மெகார்ட்னி தூதுக்குழு கொண்டுபோன பரிசுகளில் அதுவும் ஒன்று. பேரரசர் அந்தக் கருவிகளைப் பொருட்படுத்தவில்லை. தூதுக்குழுவோடு போன டின்விடி என்ற அறிவியலாளர் வழியாக அது இந்தியாவுக்கு வந்து, லாம்டன் கைக்குக் கிடைத்தது. கோணம் பார்க்கும் பெரிய தியோடலைட்டுக்கும் வழியில் ஆபத்து வந்தது. லண்டனில் வில்லியம் கேரி செய்த அந்தக் கருவியின் எடை ஏறக்குறைய அரை டன். கிடைவட்டத்தின் விட்டம் மூன்று அடி. அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியில் இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். இரு நாடுகளுக்கும் பகை இருந்த காலம் அது. அந்த ஆளுநரின் செயலை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

மாலையில் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தில் முன்பே வாங்கியிருந்த அனுமதியோடு பழைய கருங்கல் தூணைப் பார்த்தோம். 1792இல் இங்கே கட்டிய வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய தூண், சுமார் 15 அடி உயரம். லத்தீனோடு தமிழும் தெலுங்கும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. லாம்டனின் தீர்க்கரேகைக் கணக்குகள் இந்த இடத்தை ஆதாரமாகக் கொண்டவை. தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு மருமகன் வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தான்.

சனி, தஞ்சாவூர்

பெரிய கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை வந்திருக்கிறேன். இன்று விமானத்தை வேறு கண்ணோடு பார்த்தேன். காவிரிச் சமவெளியில் குன்று கிடையாது. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். தூரத்துக் கொடியைப் பார்த்துக் கோணம் எடுக்க உயரமான இடம் வேண்டும். லாம்டன் கோயில் கோபுரங்களை நிலையங்களாக்கிக்கொண்டார். 1808இல் தஞ்சையில் பெரிய தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள்.

"இதன் மேலா? அரை டன்னையா, மாமா?" என்று அண்ணாந்து பார்த்தபடி கேட்டான் மருமகன். 216 அடி உயர விமானம்.

பாதியில் கயிறு அறுந்தது. பெட்டியோடு கருவி கற்சுவரில் மோதியது. கிடைவட்டம் வளைந்துபோனது. விகலைக் கணக்கில் கோணம் சொல்ல வேண்டிய வட்டம் அது. விகலை என்பது ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் வரும் ஒரு கூறு. அந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்கு எழுதிப் போட்டுவிட்டு, புதுக் கருவி வரும்வரை இரண்டு மூன்று ஆண்டு காத்திருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். ஆப்புகளும் திருகாணிகளும் கப்பிகளும் வைத்து, மயிரிழை மயிரிழையாக இழுத்து, ஆறு வாரத்தில் வட்டத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர்.

தியோடலைட்டின் ஒரு திருகாணி தளர்ந்தால்கூடக் கை நடுங்கும் தொழில் எங்களுடையது. அந்த ஆறு வாரத்தை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. கயிற்றை இழுத்தவர்களையும் நினைத்துக்கொண்டேன். கயிறு அறுந்தபோது அவர்களில் யார் கை கிழிந்தது, யார் கீழே நின்றது என்று எந்த ஏட்டிலும் இல்லை. கருவிக்கு நேர்ந்தது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. கருவறைக்கு மேலே உயரும் விமானத்தில் கயிறு கட்டிய அந்த நாள், அன்று கோயிலுக்கு வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதும் எழுதப்படவில்லை.

அடுத்த ஆண்டு திருநெல்வேலியில் இன்னொரு அடிக்கோட்டை அளந்து, வடக்கிலிருந்து முக்கோணங்கள் வழியாக வந்த கணக்கு சரிதானா என்று சோதித்தார்கள். தெற்கே அந்த வேலை முடிந்தது. நாங்கள் இரவு ரயிலில் சென்னைக்குத் திரும்புகிறோம்.

திங்கள், ரயிலில்

கிருஷ்ணாவைத் தாண்டிவிட்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தீபகற்பத்தின் அகலத்தைத்தான் லாம்டன் முதலில் அளந்தார். சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று அதுவரையிலான வரைபடங்கள் காட்டின. முக்கோணங்கள் 360 மைல் என்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் கையிலிருந்த நிலத்தில் 40 மைல் அகலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது! இந்த அளவையின் பயன் யாருக்குப் போனது என்பதில் எனக்கு மயக்கம் இல்லை. வரி வசூலுக்கும் படை நடத்தவும் வரைபடம் வேண்டியிருந்தது, அதற்குத்தான் கம்பெனி பணம் கொடுத்தது. லாம்டனும் மைசூர்ப் போரில் சண்டையிட்டவர்தான். அந்தப் போரில், இருட்டில் நடந்துகொண்டிருந்த படைப்பிரிவு தெற்கே போவதற்குப் பதில் வடக்கே, திப்புவின் படை இருக்கும் திசையிலேயே போகிறது என்று நட்சத்திரங்களைப் பார்த்துத் தளபதி பெயர்டிடம் சொன்னவர் அவர். ஆனால் பணம் கொடுத்தவர்கள் கேட்டதற்கும் மேலாக, பூமியின் வடிவம் என்ன என்ற கேள்வியை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது ரயில் போகும் இந்தக் கிருஷ்ணா, கோதாவரி இடைப்பட்ட காட்டில்தான் ஜார்ஜ் எவரெஸ்ட் முதன்முதலாகக் காய்ச்சலில் விழுந்தார். 1818இல் லாம்டனிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். மழைக்காலத்தில் காட்டுக்குள் போனார்கள். ஏறக்குறைய முழுக் குழுவும் படுத்துவிட்டது, பலர் இறந்தார்கள். எவரெஸ்ட் உடல் தேற நன்னம்பிக்கை முனைக்குப் போக வேண்டியிருந்தது. கொடி பிடித்தவர்களுக்கும் சங்கிலி இழுத்தவர்களுக்கும் அப்படிப் போக ஓர் இடம் இருக்கவில்லை.

செவ்வாய், ஹிங்கன்காட்

பருத்தி ஊர். மகாராஷ்டிரத்தில் வார்தா மாவட்டம். சென்னை–தில்லி ரயில் பாதையில்தான் இருக்கிறது. ஆனால் இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. லாம்டனின் கல்லறை இங்கே இருக்கிறது.

1823 ஜனவரி 20. ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்கு முகாமை மாற்றிக்கொண்டு போகும் வழியில், நெஞ்சைப் பிடித்த இருமலோடு, இந்த ஊரில் இறந்தார். வயது எழுபதை ஒட்டி. இருபது ஆண்டுக்கும் மேலாக இதே வேலை. இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை. குடும்பமும் குழந்தைகளும் இந்த மண்ணில்தான். தெற்கு முனையிலிருந்து அட்சரேகை 18ஆம் பாகை வரை தீர்க்கரேகையின் வளைவை, அதாவது வில்லை, அளந்து முடித்திருந்தார்.

வழி கேட்டுக் கேட்டுத்தான் போனோம். பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியவில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவர் தானே முன்வந்து கூட்டிப்போனார். கல்லறை முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பையில் கொண்டுவந்திருந்த பழைய சங்கிலியின் கண்ணி ஒன்றை எடுத்துக் கல்லில் வைத்துவிட்டுக் கும்பிட்டேன். நாங்கள் ஊர்ப் புலங்களை அளந்த சங்கிலி அது. அந்த முறை எங்களுக்கு வந்து சேர்ந்ததற்கு இவர் பயிற்றுவித்த ஆட்களும் ஒரு காரணம். சென்னையில் 1794இல் தொடங்கிய சர்வே பள்ளியில் படித்த ஜோஷுவா டி பென்னிங் இவருடைய நம்பிக்கைக்குரிய உதவியாளர். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளிதான். கிண்டியிலிருந்து ஹிங்கன்காட் வரை ஒரு கோடு இருக்கிறது என்று மருமகனிடம் சொன்னேன். அவனும் அங்கே படித்தவன்.

ஆசிரியர் தன் வீட்டில் மதியச் சாப்பாடு போட்டே அனுப்பினார். ஜோவார் ரொட்டியும் கத்திரிக்காயும். அவருடைய பிள்ளைகளுக்கு முக்கோணம் வரைந்து காட்டினேன்.

புதன்

பகல் முழுவதும் ரயில். விதிஷா நிலையத்தில் சில நிமிடங்கள் நின்றது. இந்த மாவட்டத்தின் சிரோஞ்சுப் பக்கம்தான், லாம்டனுக்குப் பின் வேலையைத் தொடர்ந்த எவரெஸ்ட் 1824–25இல் அடிக்கோடு அளந்தது. அதனருகே இருக்கும் கல்யாண்பூரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளை தேவைப்படும்.

வியாழன், முசாஃபர்நகர்

எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பு. ஊருக்குள் வெல்ல மண்டிகளின் வாசனை. ஆட்டோ பிடித்துக் கலியானா கிராமத்துக்குப் போனோம். சுற்றுலாப் பயணி யாருக்கும் இங்கே வேலை இல்லை. எனக்கோ இந்தப் பயணத்தில் மிக முக்கியமான இடம் இதுதான். மருமகன் கருவியைக் கரும்பு வயல் வரப்பில் வைத்தான். 29 பாகை 30 கலை என்று காட்டியது.

எவரெஸ்டின் வில்லுக்கு வடகோடி நிலையம் இங்கே. அவர் இதற்கும் வடக்கே போய் முசூரி வரை முக்கோணம் அமைத்தார். ஆனால் நட்சத்திரம் பார்த்து அட்சரேகை எடுக்கும் இடத்தை மலையிலிருந்து தள்ளி இங்கே வைத்துக்கொண்டார். காரணம், தூக்குக்குண்டு. அட்சரேகை எடுக்க நேர் உச்சி எது என்று தெரிய வேண்டும். நேர் உச்சியைத் தூக்குநூல்தான் சொல்லும். பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அதன் ஈர்ப்பு குண்டைத் தன் பக்கம் இழுக்கும். நூல் சாயும், உச்சி தவறும்.

இப்போது கல்யாண்பூருக்கு வருகிறேன். கலியானாவுக்கும் கல்யாண்பூருக்கும் இடையே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். இந்த இடைவெளியின் அட்சரேகை வித்தியாசத்தை இரண்டு வழியில் கண்டார்கள். தரையில் முக்கோணம் முக்கோணமாக அளந்து கணக்கிட்டது ஒரு வழி. இரண்டு இடத்திலும் நட்சத்திரம் பார்த்துக் கழித்தது இன்னொரு வழி. இரண்டு விடைகளும் 5.236 விகலை வேறுபட்டன. தரையில் அது 160 மீட்டர் அளவு.

600 கிலோமீட்டரில் 160 மீட்டர்! தொழில் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஊர் எல்லையைச் சுற்றி அளந்து வந்து தொடங்கிய கல்லில் சேரும்போது கொஞ்சம் வித்தியாசம் விழும். அதை எல்லாப் பக்கங்களுக்கும் பங்கிட்டுச் சரிக்கட்டுவோம். அது விதிப்படி செய்வதுதான், ஒளிவுமறைவு இல்லை. எவரெஸ்டும் முக்கோண அளவையில் சேர்ந்த பிழையாகவே இதை எடுத்துக்கொண்டார். ஆனால் வித்தியாசம் ஏட்டை விட்டு அழியவில்லை. 1847இல் வெளிவந்த அவருடைய அளவை நூலில் இரண்டு விடைகளும் மூன்று தசம இடம் வரை நின்றன. மற்றவர்கள் எடுத்துப் பார்க்க முடிந்ததற்கு அதுதான் காரணம்.

எடுத்துப் பார்த்தவர் கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் ஹென்றி பிராட். நல்ல கணிதக்காரர். தூக்குநூலை இமயமலை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று மலைத்தொடரின் பருமனை வைத்துக் கணக்குப் போட்டார். மலையின் இழுப்பு 5.236 விகலைக்குச் சரியாக வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருக்கு வந்த விடை 15.885 விகலை. மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது.

"அப்படியென்றால் மலைக்குள் ஒன்றும் இல்லையா, மாமா?" என்றான் மருமகன்.

அன்றும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். பிராட்டின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும், 1855இலேயே கிரீன்விச் வானாய்வகத்தின் தலைவர் ஜார்ஜ் ஏரி ஒரு விடை எழுதினார். பூமியின் மேலோடு, அடியிலிருக்கும் அடர்த்தி மிகுந்த, நெகிழும் பொருளின் மேல் மிதக்கிறது. தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளில் எது அதிகம் மேலே தெரிகிறதோ அது அதிகம் கீழேயும் அமிழ்ந்திருக்கும். மலையும் அப்படித்தான். உயர்ந்த மலைக்கு ஆழமான வேர் உண்டு. சுற்றிலும் இருக்கும் கனமான பொருளை ஒதுக்கிவிட்டு, லேசான அந்த வேர் அங்கே இறங்கியிருப்பதால், இழுப்பு குறைகிறது. பிராட் பின்னர் வேறு விளக்கம் தந்தார்: வேரில்லை, மலைக்கடியில் இருக்கும் பாறையே அடர்த்தி குறைந்தது என்றார். இரண்டும் ஒரே சமநிலைக் கருத்தின் இரண்டு முகங்கள். நிலவியலார் இன்று ஐசோஸ்டசி என்று சொல்லும் கொள்கை இதுதான். இமயத்துக்கு அடியில் மேலோடு வழக்கமான தடிமனைப்போல இரு மடங்கு என்று நிலநடுக்க அலைகளை வைத்துப் பின்னாளில் கண்டறிந்தார்கள். ஏரி சொன்ன வேர் அங்கே இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒருவரும் குழி தோண்டவில்லை. மலையில் ஏறவும் இல்லை. கரும்பு வயலில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, நட்சத்திரத்தைப் பார்த்து, விடையை உள்ளபடி எழுதினார்கள். அறிவியல் வரலாற்றில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைவிட இந்த 5.236ஐப் பெரிதாக நினைக்கிறேன். உயரத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இந்த எண்ணைப் பள்ளிப் பாடத்தில் நான் பார்த்ததில்லை. முக்கோணவியல் நடத்தும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு வகுப்பு இதற்கு ஒதுக்குங்கள்.

வரப்பில் நாங்கள் நிற்பதைப் பார்த்து வயல்காரர் வந்தார். நிலத்தை அளக்க வந்துவிட்டோமோ என்று அவருக்குக் கலக்கம். விஷயத்தைச் சொன்னதும் கரும்புச்சாறு வாங்கிவரச் சொல்லி மகனை அனுப்பினார்.

வெள்ளி, டேராடூன்

இந்திய நில அளவைத் துறையின் தலைமையகம் இந்த ஊரில். அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பெரிய தியோடலைட்டைப் பார்த்தோம். தஞ்சாவூரில் மோதி வளைந்த அதே கருவி. எவரெஸ்ட் காலத்தில் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது. பித்தளை இன்னும் மினுங்குகிறது. என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. நாலு மூலையிலிருந்தும் பார்த்தேன். போகலாமா என்று மருமகன் கேட்கவில்லை, அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

எவரெஸ்ட் கடுமையான ஆள். உதவியாளர்களிடம் எரிந்து விழுவார். ஆனால் கைத்திறனை மதிக்கத் தெரிந்தவர். ஆற்காட்டில் பிறந்து சென்னையில் வேலை பார்த்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன் என்ற கைவினைஞரைத் தன் கருவிகளைச் செப்பனிட வைத்துக்கொண்டார். மொஹ்சினுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. லண்டன் பட்டறைகளில் செய்த நுண்கருவிகளைப் பிரித்துச் சேர்த்து, வட்டங்களில் அளவுக்கோடு பிரித்துக் கொடுத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஹென்றி பேரோ வேலையை விட்டுப் போன பிறகு, அந்த இடத்துக்கு இவரையே எவரெஸ்ட் பரிந்துரைத்தார். ஆற்காட்டில் இவர் பெயரில் ஒரு தெருவோ பள்ளியோ இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்னொருவர் ராதாநாத் சிக்தார். 1831இல், இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில், கல்கத்தா இந்துக் கல்லூரியிலிருந்து கணக்கராக வந்து சேர்ந்தார். இதே டேராடூனில் 1843இல், அளவைத் துறையின் கூலியாட்களைத் தன் சொந்தச் சுமை தூக்க வைத்த ஆங்கில மாஜிஸ்திரேட் வான்சிட்டார்ட்டை எதிர்த்து நின்றார். 200 ரூபாய் அபராதம் கட்டினார். அந்தக் காலத்து 200 ரூபாய்!

1852இல் கல்கத்தாவில் சிகரம் 15இன் கணக்கு முடிவுக்கு வந்தது. நேபாளம் அளவைக்காரர்களை உள்ளே விடவில்லை. பீகார்ச் சமவெளியில் ஆறு இடங்களிலிருந்து, 170 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில், சிகரத்தைப் பார்த்துக் கோணம் எடுத்தார்கள். இவ்வளவு தூரத்தில் காற்று ஒளியை வளைக்கும், அதற்குத் திருத்தம் வேண்டும். அந்தக் கணக்கில் தலைமைக் கணக்கர் சிக்தாரின் பங்கு பெரிது. 1856இல் ஆண்ட்ரூ வாவ் 29,002 அடி என்று அறிவித்து, தன் முன்னவர் எவரெஸ்டின் பெயரையும் சிகரத்துக்கு முன்மொழிந்தார். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து சொன்ன உயரம் 8,848.86 மீட்டர். அடியில் மாற்றினால் வித்தியாசம் 30 அடிக்குள்தான்.

1851இல் வந்த அளவைக் கையேட்டில் சிக்தார் எழுதிய பகுதிகளுக்கு முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தார்கள். 1870இல் அவர் இறந்தார். 1875 பதிப்பில் பெயர் காணாமல்போனது, எழுத்து மட்டும் நின்றது. இறந்தவரிடம் அடித்த கொள்ளை இது என்று கண்டித்து ஓர் ஆங்கிலேய அதிகாரியே பத்திரிகையில் எழுதினார். 2004இல் இந்திய அஞ்சல் துறை சிக்தாருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

சனி, முசூரி

ஹாத்திபாவ் மேட்டில் எவரெஸ்ட் வாழ்ந்த வீடு. 1830களில் பார்க் எஸ்டேட்டை வாங்கி, வீட்டையும் அலுவலகத்தையும் இங்கேயே வைத்துக்கொண்டார். 1843இல் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போனார். தெற்கே டூன் பள்ளத்தாக்கு முழுவதும் விரிகிறது. வடக்கே பனிமலை. பந்தர்பூஞ்ச் பளிச்சென்று தெரிந்தது. அவர் பெயர் தாங்கிய சிகரம் இங்கிருந்து தெரியாது, அது கிழக்கே வெகுதூரத்தில் நேபாள எல்லையில் இருக்கிறது.

சமவெளியில் புழுதியும் மூட்டமும் பகலில் பார்வையை மறைத்ததால், எவரெஸ்ட் ராத்திரியில் கோபுரங்களின் மேல் விளக்கேற்றிக் கோணம் பார்த்தார். இரவில் தரையை ஒட்டிய காற்று ஒளியை வளைத்து, தூரத்து விளக்கைத் தூக்கிக் காட்டும். எதிரியென்று கருதிய ஒளி வளைவையே வேலைக்கு வைத்துக்கொண்டார். அதே வேலைக்காக மரங்களை வெட்டி, சில இடங்களில் குடிசைகளையும் அகற்றிப் பார்வைக்கோடு திறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டைப் புதுப்பித்து அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். ஒரு சிறுமி தன் ஆசிரியையிடம், "சங்கிலியை யார் தூக்கினார்கள்?" என்று இந்தியில் கேட்டாள். ஆசிரியை என்னைப் பார்த்தார். தெரிந்த இந்தியில் கலாசிகளைப் பற்றிச் சொன்னேன்: கொடி நட்டவர்கள், விளக்கோடு மரத்தில் ஏறியவர்கள், கருவியைத் தோளில் சுமந்தவர்கள், காய்ச்சலில் போனவர்கள். மருமகன் தன் கருவியைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டினான்.

போக நினைப்பவர்களுக்கு: முசூரி லைப்ரரி சவுக்கிலிருந்து மேற்கே சுமார் 6 கிலோமீட்டர், கடைசிப் பகுதி ஏற்றம். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பரில் காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் மேகம் ஏறிவிடும். டேராடூனில் தியோடலைட்டைப் பார்க்க நேரில் போய் நிற்பதில் பயனில்லை, முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஹிங்கன்காட்டில் இறங்க வேண்டுமென்றால் அங்கே நிற்கும் ரயிலாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள், எல்லா ரயிலும் நிற்பதில்லை.